பதினோரு பேர் எங்கே?

ஜூன் 4

அன்புள்ள அப்பாவுக்கு,

நான்கு நாளாக நீங்கள் போன் செய்கிறீர்கள், நான் எடுக்கவில்லை. எடுத்தால் கத்திவிடுவேன், இல்லாவிட்டால் அழுதுவிடுவேன். இரண்டுமே நான் வேலைக்குச் சேர்ந்திருக்கிற கண்ணாடிக் கடையில் வாடிக்கையாளர் முன்னால் செய்யக்கூடிய காரியம் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். காலை பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன். பதில் எழுதினால் அவரிடமே கொடுங்கள்.

அம்மா விஷயத்தைச் சொன்னாள். விசில் மாமாவைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டதாம். உங்கள் பஸ்ஸில் யாரோ ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்களாம். 'பதினோரு பேர் எங்கே?' என்று. மாமாதான் ஒட்டினார் என்று கேஸாம். "சாட்சி யாரும்மா?" என்று கேட்டேன். "வேற யாரு, உங்கப்பாதான்" என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டாள்.

அப்பா, பதினாறு வருஷம் ஒரே பஸ். நீங்கள் ஸ்டியரிங், அவர் விசில். அவர் ஒரு விசில் கொடுத்தால் நிற்பீர்கள், இரண்டு கொடுத்தால் கிளம்புவீர்கள். அவர் ஊதாமல் நீங்கள் ஒரு அடி நகர்ந்ததில்லை. இப்போது அவரை விட்டுவிட்டு எப்படிக் கிளம்பினீர்கள்?

உரத் தொழிற்சாலை வாசலில் சும்மா உட்கார்ந்திருந்த பதினோரு பேரை வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எந்தக் காவல் நிலையத்திலும் அவர்கள் பெயர் இல்லை. இது ஊருக்கே தெரியும். யார் ஒட்டினார்களோ, அவர்கள் கேட்டது ஒரு கேள்வி. கேள்வி கேட்டதற்கு ஒருவரை உள்ளே போடுவார்கள், அதற்கு நீங்கள் சாட்சி சொல்வீர்களா?

நீங்கள் பார்த்தீர்களா? உண்மையிலேயே உங்கள் கண்ணால் பார்த்தீர்களா? எனக்கு அது மட்டும் தெரிய வேண்டும்.

உங்கள் மகள்

*

ஜூன் 6

அன்பு மகள் பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம் என்று எழுத வேண்டும். நான் நலம். அம்மா பேசுவதில்லை, அதனால் அவளைப் பற்றித் தெரியவில்லை. சாப்பாட்டுத் தட்டை மட்டும் வைக்கிறாள். வைக்கிற சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்க்கிறார்.

நடந்ததைச் சொல்கிறேன். போன மாசம் முழுக்க நம் வண்டியில் அந்த ஸ்டிக்கர் வந்துகொண்டே இருந்தது. உள்ளங்கை அளவு வெள்ளை லேபிள், கறுப்பு மையில் கையால் எழுதியது. சீட்டின் முதுகில், ஜன்னல் கம்பிக்குக் கீழே, ஒரு தடவை என் தலைக்குப் பின்னாலேயே. டிப்போவில் எந்த வண்டியிலும் இல்லாதது நம் வண்டியில் மட்டும் இருந்தால் மேனேஜர் சும்மா இருப்பாரா?

முப்பத்தொன்றாம் தேதி டிரிப் முடித்து வந்ததும் கூப்பிட்டார். அறையில் சட்டை பேன்ட் போட்ட போலீஸ்காரர் இரண்டு பேர். மேஜைமேல் விசிலின் டிக்கெட் பை கவிழ்த்துப் போட்டிருந்தது. டிக்கெட் கட்டு, ஒரு சீப்பு, பாதி தின்ற பிஸ்கட் பாக்கெட், டிக்கெட் கணக்கு எழுதின ஒரு பழைய டிரிப் ஷீட். அந்த ஷீட்டில் வரிசையாக ஏழு ஸ்டிக்கர்.

"இது உங்க கண்டக்டர் பையில இருந்துச்சு. அவர் ஒட்டுறத நீங்க பாத்தீங்கல்ல?"

"நான் முன்னாடி பாத்து வண்டி ஓட்றவன் சார்."

"கண்ணாடி இருக்குல்ல?"

"இருக்கு."

"அதுல பாத்திருப்பீங்க."

காகிதம் ஏற்கனவே அடித்து வைத்திருந்தது. 'உட்புறக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன்' என்று. கையெழுத்துப் போட்டேன். போடாமல் வந்திருந்தால் அந்த அறையில் இன்னும் எத்தனை நாற்காலி போட்டு யார் யாரை உட்கார வைத்திருப்பார்கள் என்று உனக்குத் தெரியாது.

'யார் ஒட்டினார்களோ' என்று எழுதியிருக்கிறாய். சரி.

வேலையைப் பார். வேளாவேளைக்குச் சாப்பிடு.

அப்பா

*

ஜூன் 9

அப்பா,

உங்கள் கடிதத்தில் அந்த 'சரி'யை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது.

நான்தான் ஒட்டினேன்.

போன கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டும். எழுத உட்கார்ந்தது அதற்குத்தான். பேனா உங்களைத் திட்டப் போய்விட்டது. திட்டுவது சுலபமாக இருந்தது.

பிடித்துக்கொண்டு போன பதினோரு பேரில் ஒருவர் பள்ளிக்கூட லைப்ரரியன். ஏழே முக்கால் பஸ்ஸில் வருவாரே, டிரைவர் பக்கம் மூன்றாவது சீட், ஜன்னலோரம். மடியில் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, இறங்க வேண்டிய இடத்தை எப்போதும் தவறவிடப் பார்ப்பார். மாமாதான் "டீச்சர், புக்க மூடுங்க, ஸ்கூல் வந்துடுச்சு" என்று சத்தம் போடுவார். நீங்கள் அவரைப் பார்த்திருக்க மாட்டீர்கள். நீங்கள் முன்னால் பார்ப்பவர்.

அவர் தம்பி அந்தத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். அதற்காகப் போய் உட்கார்ந்தார். மறுநாள் அந்த சீட்டில் வேறு யாரோ உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருந்தார்கள். எனக்கு என்னவோ ஆகிவிட்டது. கடையில் லேபிள் ஷீட் வாங்கினேன். வீட்டில் உட்கார்ந்து எழுதினேன். உங்கள் பஸ்ஸில் ஒட்டினதற்குக் காரணம் தைரியம் இல்லை அப்பா. உங்கள் பஸ்ஸில் டிரைவர் மகளை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்று கணக்குப் போட்டேன்.

மாமா பார்த்துவிட்டார். வேலைக்காக நான் இங்கே கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால். லேபிளைச் சீட்டில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தேன், நிமிர்ந்தால் மேலே நிற்கிறார். என் கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்து, "எறங்கும்போது பாத்து எறங்கும்மா, எதையும் விட்டுட்டுப் போயிடாத" என்றார். அவ்வளவுதான். அன்றைக்கே அதை உரித்திருப்பார். பையில் இருந்த ஏழும் அவர் நகத்தால் உரித்தெடுத்தது. எனக்காகவும் உங்களுக்காகவும் உரித்தது.

பத்து நாளாக அவர் உள்ளே இருக்கிறார். என் பெயரைச் சொன்னால் வெளியே வந்துவிடலாம். சொல்லவில்லை.

நான் என்ன செய்யட்டும்?

*

ஜூன் 11

பாப்பா,

படித்ததும் உன் கடிதத்தை அடுப்பில் போட்டேன். இதை நீயும் கிழித்துவிடு.

இப்போது நான் சொல்வதைக் கேள். கேட்டுவிட்டு என்னை என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்.

எனக்குத் தெரியும். முதல் ஸ்டிக்கரிலேயே தெரியும். உனக்கு ரெட்டைக்கோடு நோட்டில் எழுத்துப் பழக்கினது யார்? 'ரு'வின் வாலை மட்டும் அடுத்த எழுத்துக்குக் கீழே வரைக்கும் இழுத்துவிடுவாய். அடித்துச் சொல்லிக்கொடுத்தும் மாறவில்லை. 'பதினோரு' என்று பார்த்ததும் என் கால் பிரேக்குக்குப் போய்விட்டது. வண்டி டிப்போவில் நின்றுகொண்டிருந்தது, அப்போதும் போய்விட்டது.

உன்னைக் கேட்கவில்லை. கேட்டால் ஆமாம் என்பாய். வேலை கிடைத்து ஊரைவிட்டுப் போகிறாய், கொஞ்ச நாளில் தானாக நின்றுவிடும் என்று நாளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

மேனேஜர் அறையில் அந்த இரண்டு பேரில் ஒருவர் ஷீட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். "கையெழுத்து பொம்பளப் புள்ள எழுத்து மாதிரி இருக்கே. இவருக்குப் பொண்ணு இருக்கா?" என்று மேனேஜரைக் கேட்டார். விசிலுக்குப் பெண் இல்லை. மேனேஜர் என் பக்கம் திரும்பினார். வாயைத் திறக்கப் போனார். "கண்ணாடில பாத்தேன் சார்" என்று நான் சொல்லிவிட்டேன். முன்னாடி பாத்து ஓட்றவன் என்று சொல்லிக்கொண்டிருந்ததை மாற்றி நானே சொன்னேன். போன கடிதத்தில் அவர்கள் சொல்லவைத்த மாதிரி எழுதினேன். அது பாதிதான்.

வேலைக்குப் பயந்து கையெழுத்துப் போட்டேன் என்று ஊர் பேசுகிறது. பேசட்டும். அந்தப் பேச்சு எனக்கு ஒரு போர்வை மாதிரி.

உன் அலமாரிக்குப் பின்னால் மீதி ஷீட் இருந்தது. எரித்துவிட்டேன். நீ இங்கே வராதே. வாயைத் திறக்காதே. அவன் ஆம்பளை, தாங்குவான். யூனியன் வக்கீல் வைத்திருக்கிறது.



அப்பா

*

ஜூன் 13

அப்பா,

'அவன் ஆம்பளை, தாங்குவான்.' இதை எழுதினது நீங்கள்தானா என்று இரண்டு தடவை பார்த்தேன்.

எனக்காகச் செய்தேன் என்று சொல்லி அந்தக் கையெழுத்தை என் தலையில் வைக்காதீர்கள். எனக்கு ஏற்கனவே இருப்பது போதும். மாமா வீட்டு அத்தைக்கு போன் செய்தேன். நான் யார் என்று சொல்வதற்கு முன்னால் அத்தையே, "பாப்பா, நல்லா இருக்கியாம்மா, புது எடம் ஒத்துக்கிச்சா?" என்று கேட்டார்கள். நான் போனை வைத்துவிட்டேன். உங்கள் மகள்தானே.

இதற்கு நடுவில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். நேற்றும் முந்தாநாளும் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். நம் ஊர் பஸ் நின்றுகொண்டிருந்தது. முந்தாநாள் ஏறவில்லை. நேற்று ஏறி உட்கார்ந்தேன், கண்டக்டர் ஊதுவதற்கு முன்னால் இறங்கிவிட்டேன். ஒட்டும்போது இருந்த தைரியம் பெயரைச் சொல்லும்போது இல்லை. நீங்கள் வராதே என்று எழுதினீர்களே, அதைப் படித்ததும் முதலில் வந்தது கோபம் இல்லை. நிம்மதி. அப்புறம்தான் கோபப்பட்டேன்.

மாமாவைப் போய்ப் பாருங்கள். நான் போகிற வரைக்கும் நீங்களாவது போங்கள்.

*

ஜூன் 26

பாப்பா,

போனேன்.

பார்க்கிற இடத்தில் கம்பி வலை போட்டிருக்கிறார்கள். இந்தப் பக்கம் இருபது பேர், அந்தப் பக்கம் இருபது பேர், எல்லோரும் ஒரே சமயத்தில் கத்துகிறார்கள். நம் வண்டி சாயங்கால டிரிப் மாதிரி இருந்தது. அவன் கொஞ்சம் இளைத்திருக்கிறான். ஷேவ் செய்யவில்லை. என்னைப் பார்த்ததும் திரும்பிப் போய்விடுவான் என்று நினைத்தேன். நின்றான்.

"புது கண்டக்டர் எப்படி?" என்று கேட்டான்.

"சின்னப் பையன். கதவ மூடறதுக்குள்ள விசில் குடுக்கறான்."

"ஆஸ்பத்திரி ஸ்டாப்ல அவசரப்படாதன்னு சொல்லு. அங்க வயசானவங்க ஏறுவாங்க."

"சொல்றேன்."

அப்புறம் நான்தான் ஆரம்பித்தேன். "மச்சான், அந்தக் காயிதத்துல நான்…"

"பாப்பாவ இங்க வர விடாத" என்றான். "என்ன ஏதுன்னு யார்கிட்டயும் பேச வேணாம்னு சொல்லு." சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான். இன்னும் நேரம் இருந்தது.

அவன் திட்டியிருந்தால் நான் வீட்டுக்கு வந்து தூங்கியிருப்பேன்.

நேற்று கோர்ட்டுக்குப் போய் வாக்குமூலத்தை வாபஸ் வாங்கினேன். மேஜிஸ்ட்ரேட் ஒரு அம்மா. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு கேட்டார்.

"பாக்காம எப்படிப் பாத்தேன்னு கையெழுத்துப் போட்டீங்க?"

"பயந்துட்டேங்கம்மா."

"எதுக்குப் பயம்?"

"வேலைக்கு."

"அப்ப யார் ஒட்டினாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

ஒரு பொய்யை எடுக்கப் போய், அதே இடத்தில் இன்னொன்றை வைத்துவிட்டு வந்தேன். வெளியே வந்தால் அத்தை நின்றுகொண்டிருந்தாள். "நல்லா இருங்கண்ணே" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். நான் வேகமாக நடந்து தெருவைத் தாண்டிவிட்டேன். எதிரே வந்த லாரிக்காரன் திட்டினான்.

இன்று காலை மேனேஜர் என்னை சஸ்பெண்ட் செய்துவிட்டார். பொய் வாக்குமூலம் கொடுத்ததற்காக. முதல் தடவையாக அம்மா பேசினாள். "காப்பி வேணுமா?" என்றாள்.

அப்பா

*

ஜூலை 2

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் ஞாயிற்றுக்கிழமை வந்தேன். வீட்டுக்கு வரவில்லை. உங்களையும் அம்மாவையும் பார்த்தால் செய்ய வந்ததைச் செய்ய மாட்டேன் என்று தெரியும். நேராக யூனியன் வக்கீல் வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் எழுதி, கீழே பெயர் போட்டு எடுத்துப் போயிருந்தேன்.

வக்கீல் நின்றுகொண்டே படித்தார். பிறகு உட்கார்ந்து இன்னொரு தடவை படித்தார். "உங்கப்பா வாபஸ் வாங்கிட்டார். இனிமே இந்தக் கேஸ் நிக்காது, ரெண்டு வாரத்துல அவர் வெளில வந்துடுவார். இத இப்ப குடுத்தா அவர் வரதுக்குள்ள நீ உள்ள போயிடுவ. யாருக்கு என்ன லாபம்?" என்றார். "தேவைப்பட்டா கேக்கறேன்" என்று மேஜை டிராயரில் போட்டு மூடினார்.

நான் வற்புறுத்தவில்லை அப்பா. ஒரு தடவைகூட "இல்லை, இப்பவே குடுங்க" என்று சொல்லவில்லை. நன்றி சொல்லிவிட்டு எழுந்தேன். எதிரே ஒரு சாப்பாட்டுக் கடை. ஒரு மாசமாகப் பசி என்றால் என்ன என்று தெரியாமல் இருந்தவள், உட்கார்ந்து வயிறு நிறையச் சாப்பிட்டேன். இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒன்று தோன்றியது. ஒரு மாசமாக நீங்களும் நானும் கடிதம் எழுதுகிறோம். நீங்கள் செய்தது, நான் செய்தது, மாமா செய்தது. அந்தப் பதினோரு பேர் என்ன ஆனார்கள் என்று நாம் ஒரு வரி எழுதவில்லை. நான் முதல் கடிதத்தில் எழுதினேன், அதுவும் உங்களை மடக்குவதற்கு. லைப்ரரியனின் தம்பியைத் தேடிப் போய் நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை. லேபிள் எழுதின கைக்கு அது தோன்றவே இல்லை.

மாமாவுக்குத் தனியாக எழுதுகிறேன். அத்தை முகத்தைப் பார்க்கிற துணிச்சல் வந்ததும் வருகிறேன்.

உங்கள் மகள்

*

ஆகஸ்ட் 10

அன்பு மகள் பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. அம்மா நலம். இந்தத் தடவை தெரிந்தே எழுதுகிறேன்.

விசில் வெளியே வந்து மூன்று வாரம் ஆகிறது. வேலையைத் திருப்பிக் கொடுத்தார்கள், ஆனால் வேறு டிப்போ. விமான நிலையத்துக்குப் போகிற நீல வண்டி. நான் அவன் வீட்டுக்குப் போகவில்லை. தெருமுனை வரைக்கும் நாலு தடவை போனேன். பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் போய்த் திரும்பின கதையை எழுதியிருந்தாயே, அப்போது உன்மேல் கோபம் வந்தது. இப்போது இல்லை.

நேற்று அவன் வண்டியில் ஏறினேன். மத்தியானம், கூட்டம் இல்லை. பதினாறு வருஷத்தில் நான் பயணியாக உட்கார்ந்ததே இல்லை. உட்கார்ந்தால் கால் பெடலைத் தேடுகிறது. பின்னாலிருந்து ஒவ்வொரு சீட்டாக வந்தான். என்னிடம் வந்து நின்றான்.

"எங்க போகணும் சார்?"

சார். வேறு எதுவாவது சொல்லியிருக்கலாம்.

"கடைசி ஸ்டாப்."

கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த சீட்டுக்குப் போய்விட்டான்.

கடைசி ஸ்டாப்பில் எல்லோரும் இறங்கினார்கள். டிரைவர் டீ குடிக்கப் போனார். நான் இறங்கவில்லை. அவன் டிரிப் ஷீட்டை எழுதி முடித்தான். பேனாவை மூடினான். வந்து எதிர் சீட்டில் பக்கவாட்டாக உட்கார்ந்தான்.

"பாப்பா லெட்டர் போட்டிருந்தா. நாலு பக்கம்" என்றான். "பதில் எழுத வரல எனக்கு. சாப்பிடச் சொல்லு."

"சொல்றேன்."

"நீ என்ன சொல்ல வந்த?"

மேனேஜர் அறையில் நடந்ததைச் சொன்னேன். எழுத்து எனக்கு முன்னாலேயே தெரியும் என்பதையும் சொன்னேன். 'இவருக்குப் பொண்ணு இருக்கா' என்று அவர்கள் கேட்டது, மேனேஜர் என் பக்கம் திரும்பினது, நான் முந்திக்கொண்டது. ஒன்றையும் விடவில்லை. அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தெரியும்" என்றான். "நான் கதவுக்கு அந்தப் பக்கம்தான் உக்காந்திருந்தேன். உன் குரல் நல்லாக் கேட்டுது."

பாப்பா, இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்று ஆஸ்பத்திரி ஸ்டாப்பைப் பற்றிப் பேசினானே, அப்போதே அவனுக்கு எல்லாம் தெரியும்.

அவனே மறுபடி பேசினான். "ஒண்ணு சொல்றேன். கோர்ட்டுல சொல்லல, வக்கீல்கிட்டயும் சொல்லல. பாப்பா ஒட்டினத உரிச்சு உரிச்சுப் போட்டேன்ல. தினமும் உரிச்சா தினமும் படிக்கணும்ல. அந்த டீச்சருக்கு எத்தன வருஷம் டிக்கெட் குடுத்திருக்கேன். ஒரு நாள் ஒண்ணு முழுசா வந்துடுச்சு, கிழியவே இல்ல. பசை காயல. கையில வெச்சுக்கிட்டு நின்னேன். பஸ் ஸ்டாண்ட் தண்ணித் தொட்டி மேல நானே ஒட்டிட்டேன்."

கேட்டதும் எனக்குள் என்ன நடந்தது தெரியுமா? ஒரு துள்ளல். அப்படியானால் ஒட்டினது உண்மை. அப்படியானால் நான் கையெழுத்துப் போட்டது முழுப் பொய் இல்லை. எழுபது நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது ஒரு நொடி எழுந்து நின்றது. அவன் என்னை நம்பி, இத்தனைக்கும் பிறகு நம்பி, வேறு யாரிடமும் சொல்லாததைச் சொல்கிறான். நான் அதை வாங்கி என் கணக்கில் வரவு வைத்துக்கொண்டிருக்கிறேன். அந்தத் துள்ளலுக்காக இந்தக் கடிதம். கையெழுத்தைவிட அதுதான் கேவலம் என்று எனக்குப் படுகிறது.

பதினாறு வருஷம் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துப் பழகினவன். பார்த்துவிட்டான்.

"என்ன" என்று கேட்டான், "மனசு லேசாயிடுச்சா?"

இல்லை என்று சொல்ல வாய் வந்தது. டிரைவர் டீயை முடித்துவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டிருந்தார். அவன் எழுந்து விசிலை வாயில் வைத்துக்கொண்டு, ஊதாமல், என் பதிலுக்காக நின்றான்.

"ஆமா" என்றேன்.

தலையை ஆட்டினான். இரண்டு விசில் கொடுத்தான். அவனுக்கு ஏற்கனவே தெரிந்ததைத் தவிர, இந்த இரண்டரை மாசத்தில் நான் ஒளிக்காமல் அவனுக்குக் கொடுத்தது அந்த ஒரு வார்த்தைதான்.

அப்பா